சுவரில் தனியே ஒருவர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையைப் பார்த்தால், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எழுத்துகள் வால்போல நீண்டிருக்கும். என் பெயருக்கு வால் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது, அது எனக்குப் போதும்.

அப்படி இருந்த நான் எழுபது வயது தாண்டிய பிறகு புகைப்படக் கலை படிக்கச் சேர்ந்தேன். வீட்டில் இருந்தபடியே படிக்கிற தொலைக்கல்விப் படிப்பு. எல்லாம் ஒரு போனால் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற மகள் விடுமுறைக்கு வந்து திரும்பும்போது தன் பழைய போனை என்னிடம் விட்டுப்போனாள். ஒருநாள் காலையில் சமையலறை யன்னலில் காயப் போட்டிருந்த மிளகாயில் வெயில் விழுந்தது. அதைப் படம் எடுத்துக் கோயில் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குப் பூப் போட்டார்கள். பிறகு நான் விடவில்லை. வெங்காயம், வாசலில் கழற்றிக் கிடக்கிற செருப்புகள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல் என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். அதே குழுவில்தான் ஒருநாள் அந்த அறிவித்தலும் வந்தது. வயதெல்லை இல்லை, கல்வித் தகைமை தேவையில்லை என்று போட்டிருந்தார்கள். அந்த இரண்டு "இல்லை"யையும் நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

இவரிடம் சொன்னேன். என் கணவர் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"உமக்கென்ன விசரே?"

"விசர் எண்டால் விசர் எண்டு இருக்கட்டும். பேர் பதிஞ்சாச்சு."

"பாடம் எல்லாம் எழுத்திலை வரும். ஆர் வாசிக்கிறது?"

"நான்தான். வேறை ஆர்?"

வாசிப்பதில் எனக்கு ஒரு கரைச்சல் இருந்தது. சின்ன வயதிலிருந்து எழுத்துக்குக் கீழே விரல் வைத்து வாசித்துத்தான் எனக்குப் பழக்கம். போனில் விரல் வைத்தால் பக்கம் ஓடிப்போய்விடும். ஓடின பக்கத்தைத் தேடிப் பிடித்து மறுபடி விரல் வைத்தால் மறுபடியும் ஓடும். கடைசியில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அதன் நுனியை எழுத்துக்குக் கீழே வைத்து வாசித்தேன். ஈர்க்குக்குப் பக்கம் ஓடாது. இவர் அதைப் பார்த்துச் சிரித்தார். நான் ஈர்க்கை விடவில்லை.

பாடம் முடிய ஒப்படை என்று ஒரு வேலை தருவார்கள். ஒவ்வொரு ஒப்படைக்கும் படத்தோடு நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். "சொல்லும், நான் எழுதித் தாறன். கந்தோரிலை எவ்வளவு கடிதம் எழுதின கை," என்றார் இவர். வேண்டாம் என்றேன். பிழையோடு போனாலும் என் எழுத்தாகப் போகட்டும். இவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து விடுவார். ஏன் குறைக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

எங்கள் ரீச்சர் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. என் மகளைவிட இளையவள். முகம் கண்டதில்லை, போனில் குரல் மட்டும் வரும். வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போனைத் தூக்க வேண்டும் என்று அவள் சொன்ன நாளிலிருந்து எனக்கு வீடு வேறு வீடாகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் முந்தி இருந்த வீட்டில் பகலிலும் பல்ப் எரியும். இங்கே வந்து இவ்வளவு காலமாகியும், பின்னேரத்தில் கடல் பக்கத்து யன்னலால் வெயில் சரிந்து வந்து கூடத்துச் சுவரைத் தொடுவதை நான் கண்டதே இல்லை. படிக்கத் தொடங்கிய பிறகுதான் கண்டேன்.

என் படங்களை ரீச்சர் மெச்சினாள். ஆனால் ஒருதரம் குரலில் அனுப்பினாள்: "எல்லாம் மிச்சம் நல்லம் அம்மா. ஆனா உங்கட படத்தில ஒரு மனுசரையும் காணல்லயே. எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

அது உண்மைதான். ஆட்களை எடுக்க எனக்குக் கூச்சம். பாமன்கடைப் பக்கம் கீரை விற்கிற சிங்கள மனுசியை எடுக்கப் போனேன். "போட்டோ கன்ன எப்பா, அம்மே," என்று கீரைக்கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு கடைசி ஒப்படை வந்தது. அதைச் செய்தால்தான் சான்றிதழ். ஈர்க்கை வைத்து வாசித்தேன். உங்களுடன் ஒரே வீட்டில் வாழும் ஒருவர். படத்தில் அவர் மட்டுமே இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, வீட்டுச் சுவரில் தொங்கவிட்டு, அதையும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

என்னோடு ஒரே வீட்டில் வாழ்வது இவர் ஒருவர்தான்.

"இஞ்சருங்கோ, கடைசி ஒப்படைக்கு உங்களை எடுக்க வேணும்."

"அதுக்கென்ன. நீரும் பக்கத்திலை வந்து நில்லும், ரண்டு பேரா எடுப்பம்."

"தனிய இருக்க வேணுமாம்."

"அப்ப கீழ்வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடும்."

கீழ்வீட்டுப் பிள்ளை என்று இவர் சொல்வது எங்கள் கீழ்மாடியில் இருக்கிற, பேரப்பிள்ளை கண்ட மனுசியை.

"தனிய எண்டு சொல்லுறன், நீங்கள் ஆள் சேர்க்கிறியள். மூண்டு பேர் நிண்டு படம் எடுத்தால் ஒருத்தருக்கு ஆகாது எண்டு சொல்லுறதும் நீங்கள்தானே."

"அதுசரி," என்று பேப்பரை உயர்த்தினார்.

"பெரிசாக்கிச் சட்டம் போட்டுச் சுவரிலை தொங்கவிட வேணுமாம்."

பேப்பர் இறங்கியது. "என்னை இப்பவே தொங்கவிடப் போறீரோ?"

அந்தப் பாடத்தை எழுதினவர்கள் எங்கள் வீட்டுச் சுவர்களை யோசிக்கவில்லை. எங்கள் சுவர்களில் தனியே தொங்குகிறவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று சாமி, மற்றது செத்தவர்கள். உயிரோடு இருக்கிறவர்கள் கூட்டமாகத்தான் தொங்குவார்கள், கலியாணம், சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம் என்று. பட்டம் வாங்கின பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. தொப்பியும் கறுப்பு அங்கியும் போட்டுக்கொண்டு தனியே தொங்கலாம், ஒருவரும் பயப்பட மாட்டார்கள். இவருக்கும் எனக்கும் அந்தத் தொப்பி இல்லை.

இவர் மறுத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் இவருடைய தமையனார் திடீரென்று காலமானார். பேப்பரில் மரண அறிவித்தல் போடப் படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் அந்த மனுசன் தனியே நிற்கிற ஒரு படம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கலியாணக் கூட்டப் படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்தார்கள். பேப்பரில் வந்த படத்தில் அவர் தோள்மேல் யாரோ ஒருவருடைய மூன்று விரல்கள் இருந்தன. அந்த விரல்கள் இவருடையவை. அன்றைக்குக் கலியாணத்தில் தமையனுக்குப் பக்கத்தில் நின்று தோளில் கைபோட்டவர் இவர்தான். அந்தப் பேப்பரை இவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அதற்குப் பிறகு அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் தவிர, தனியே படம் எடுக்க இவர் சம்மதித்ததில்லை.

அதனால் நான் வற்புறுத்தவில்லை. ஒருதரம் கேட்டேன், இரண்டுதரம் கேட்டேன், விட்டுவிட்டேன். ஒப்படை கொடுக்கிற நாள் கிட்ட வந்தது. ஒருநாள் மத்தியானம் இவர் படுத்திருக்கிறார் என்று நினைத்து, சமையலறையில் நின்று ரீச்சருக்குக் குரலில் சொன்னேன்: "பிள்ளை, கடைசி ஒப்படை எனக்குச் சரிவராது. இவ்வளவு தூரம் படிச்சதே எனக்குக் காணும். குறை நினையாதேங்கோ." போட்டுக் கேட்டேன், அழுகிறவள் குரல் மாதிரி இருந்தது. அதனால் அனுப்பாமல் அழித்துவிட்டு மறுபடி சொல்லத் தொடங்கினேன். அழுகிற குரலில் ஒருவருக்கும் நான் ஒன்றும் அனுப்புகிறதில்லை.

பின்னால் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், இவர் முகம் வழித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, கூடத்துக் கதிரையில் நிமிர்ந்து இருக்கிறார்.

"எடும்," என்றார்.

"சிரியுங்கோவன்."

"எடும் எண்டு சொன்னனான். சிரிக்கிறன் எண்டு சொல்லேல்லை."

எடுத்தேன். வெளிச்சம் பார்க்கவும் நேரம் தரவில்லை, எழும்பிப் போய்விட்டார். படத்தில் இவர் கந்தோர் வாசலில் காவலுக்கு வைத்தது மாதிரி இருந்தார். ஆனாலும் படம் படம்தானே.

அடுத்த நாள் காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற படக்கடைக்குப் போனேன். அச்சிடுவதும் சட்டம் போடுவதும் அங்கேயே செய்வார்கள். கடைக்காரர் மலையகத்து மனுசன், மரியாதையானவர். போனில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் பாத்துச் செஞ்சி வைக்கிறேம்மா. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க."

எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எடுக்கப் போனபோது பார்சலை இரண்டு கையாலும் தந்து, படி இறங்கி வந்து வழியனுப்பினார்.

வீட்டில் இவர் இல்லை, மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். அவிழ்த்துப் பார்த்தேன். நல்ல மரச் சட்டம். கண்ணாடிக்குப் பின்னால் இவர் கழுத்துவரை பூட்டின சேட்டோடு என்னை முறைத்துக்கொண்டு இருந்தார். சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் சின்ன மஞ்சள் பல்ப் ஒன்று, அதிலிருந்து வயர், வயர் நுனியில் பிளக். மாலை கொழுவுவதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கொளுக்கி.

இரண்டு கையாலும் தந்ததும் படி இறங்கி வந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைக்காரரில் பிழை சொல்லவும் முடியாது. வயதான மனுசி ஒருத்தி, வயதான மனுசனின் தனிப்படத்தைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னால் அவர் வேறென்ன நினைப்பார்?

இவர் வருவதற்குள் அந்தப் பல்பைக் கழற்றிவிட வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பல்ப் சட்டத்தோடு சின்னச் சின்ன ஸ்குரூவால் இறுக்கப்பட்டிருந்தது, என் நகத்துக்கு அசையவில்லை. சரி, ஒப்படைக்கு எப்படியும் தொங்கவிடத்தானே வேண்டும் என்று ஸ்டூலில் ஏறி, கூடத்துச் சுவரில் உயரத்தில் இருக்கிற ஆணியில் மாட்டினேன். மாட்டிவிட்டுப் பார்த்தபோது ஒரு புத்தி வந்தது. நான் வெளிச்சம் படிக்கிறவள். இந்த வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது என்று ஒருக்கால் பார்ப்போமே. பிளக்கைச் செருகினேன்.

உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் விழுந்தது. நெற்றியில் திருநீறு தெளிந்து வந்தது. நான் தலையைச் சரித்து ரசித்துக்கொண்டு நிற்கிறேன், கீழ்வீட்டு மனுசி என் சம்பல் கிண்ணத்தைத் திருப்பித் தர வருகிறாள். கதவு திறந்தே இருந்தது. அவள் வாசலில் நின்றபடி சுவரைப் பார்த்தாள். கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"அக்கா," என்றாள். "மத்தியானம் லிப்ட்டுக்கை கண்டு கதைச்சனான் அக்கா. வெண்டிக்காய் வாங்கப் போறன் எண்டவர்."

"வெண்டிக்காய் வாங்கத்தான் போனவர்," என்றேன்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து விம்மத் தொடங்கிவிட்டாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்க முதல் அவளுக்குப் பின்னால் லிப்ட் கதவு திறந்தது. இவர் பையோடு வந்தார். அழுகிற மனுசியைக் கண்டு பதறிப்போய்க் கேட்டார்:

"என்ன பிள்ளை? ஆருக்கு என்ன நடந்தது?"

அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "உங்களுக்குத்தான் அண்ணை நடந்தது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தமையனாரின் படம் வந்த பேப்பரைப் பார்த்த மாதிரியே நின்றார். படத்தைக் கழற்றி எறியச் சொல்லப் போகிறார், இனி ஒருநாளும் என் போனுக்கு முன்னால் வர மாட்டார், என் படிப்பு இன்றோடு சரி என்று நினைத்தேன். அதைவிட, நான் இவருடைய மனதை நோகச் செய்துவிட்டேன் என்பது பெரிதாக இருந்தது. கீழ்வீட்டு மனுசியும் அதை உணர்ந்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் எழும்பிப் போய்விட்டாள்.

"கடைக்காரன் தானா நினைச்சுப் போட்டுட்டான்," என்றேன். "நான் சொல்லேல்லை."

இவர் வெண்டிக்காய்ப் பையை மேசையில் வைத்தார். உள்ளே போய்ச் சேட்டைக் கழற்றிவிட்டு, சாரமும் பெனியனுமாக வந்தார். கையில் ஸ்குரூ டிரைவர். பிளக்கை இழுத்தார். ஸ்டூலைச் சுவரோடு போட்டு ஏறினார். மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் இரண்டு ஸ்குரூ, அந்த வாயோடேயே பேச்சு.

"வேலை தெரியாதவன். மூண்டு ஸ்குரூ போதும், அஞ்சு போட்டிருக்கிறான். இதைத் தூக்கிக்கொண்டு நான் ஓடவே போறன்?"

நான் ஸ்டூலைப் பிடிக்கத்தான் போனேன். அப்போது பின்னேர வெயில் யன்னலால் சரிந்து வந்து சுவரைத் தொட்டது. மேலே கண்ணாடிக்குள் கழுத்துவரை பூட்டின மனுசன் விறைத்துக்கொண்டு இருக்கிறார். அவருக்குக் கீழே, வெயில் தோளில் பட, கூன் விழுந்த முதுகோடு, கன்னம் உப்ப, அதே மனுசன் தன் பல்பைத் தானே கழற்றிக்கொண்டு நிற்கிறார். என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவர் கீழே நின்றவர்தான். ஸ்டூலைப் பிடிக்கவில்லை, போனைப் பிடித்தேன். அதற்காக இன்றைக்கும் இவர் என்னை ஏசுகிறார். விழுந்திருந்தால் மேலே இருந்த படம் அன்றைக்கே உதவியிருக்குமாம்.

போன் சத்தம் போட்டது. இவர் திரும்பினார்.

"எடுத்தனீரோ?"

"ஓம்."

ஸ்டூலால் இறங்கி வந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கி, தன் முதுகைப் பார்த்தார், பெனியனில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், மேலே இருக்கிற தன்னையும் பார்த்தார்.

"முதுகு இவ்வளவு வளைஞ்சு போச்சோ?"

"கொஞ்சம்."

"உமக்கு முந்தியே தெரியுமோ?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்தானே."

போனைத் திருப்பித் தந்தார். "அனுப்பும்," என்றார். "ஆனா இனி ஓட்டைப் பெனியனை அலுமாரியிலை வையாதேயும்."

பிறகு சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றிப் பேப்பரில் சுற்றினார். பல்பையும் வயரையும் சின்னப் பையில் போட்டுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். எறியப் போகிறார் என்று நினைத்தேன். கொண்டுபோய் அலுமாரியின் மேல்தட்டில், என் கலியாணக் கூறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அது அதிலை இருக்கட்டும். பிறகு நீர் கடை கடையா அலையத் தேவையில்லை." அலுமாரியைப் பூட்டிவிட்டுச் சொன்னார்: "என்ர தோளிலை ஒருத்தற்ற விரலும் இராது."

நான் வெண்டிக்காய் வெட்டப் போனேன்.

படத்தோடு அனுப்ப நாலு வரி எழுதினேன். இவர் என் கணவர். கடைக்காரர் பிழையாக விளங்கிவிட்டார். அதனால் பல்பைக் கழற்றுகிறார். இப்போதைக்கு அது தேவையில்லை. அதில் எத்தனை எழுத்துப் பிழை இருந்ததோ தெரியாது. அன்றைக்கும் இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

ரீச்சரின் குரல் வந்தபோது இருவரும் சேர்ந்துதான் கேட்டோம். "அம்மா, மேல சட்டத்துக்குள்ள இருக்கிற ஐயா ஆரெண்டு எனக்குத் தெரியா. கீழ நிக்கிற ஐயாவக் கனகாலம் தெரிஞ்ச மாதிரி இருக்கு. ஒப்படை சரி அம்மா. நீங்க பாஸ்." பிறகு சிரித்துக்கொண்டு, "ஐயாட்ட ஸ்டூல் கவனமெண்டு சொல்லுங்க," என்றாள்.

இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அறிவுள்ள பிள்ளை என்றார்.

சான்றிதழ் தபாலில் வந்த அன்று, கூடத்து ஆணி வெறுமையாக இருப்பதை இவர் கண்டார்.

"பட்டம் வாங்கினவை தனிய தொங்கலாம்தானே. நல்ல சீலை ஒண்டைக் கட்டிக்கொண்டு வாரும்."

"தொப்பி இல்லையே."

"தொப்பிக்கு உம்மடை கொண்டையே காணும்."

சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். இவர் போனைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். வெளிச்சத்தைப் பாருங்கள் என்றேன். வாயை மூடிக்கொண்டு இரும் என்றார். சிரியும் என்றார். நான் எவ்வளவு முயன்றும் சிரிப்பு வரவில்லை.

"அடையாள அட்டைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறீர்," என்று சொல்லி எடுத்தார். அமர்த்தும்போது போனையும் சேர்த்து அசைத்துவிட்டார். படத்தில் நான் கலங்கிப்போய் இருந்தேன். இன்னொன்று எடுப்போம் என்றேன். இதுவே நல்லது என்று அடம்பிடித்து, தானே படக்கடைக்குக் கொண்டுபோனார். நான் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து முடியுமட்டும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இவரைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டாராம். பிறகு என் படத்தைக் கையில் எடுத்து, இவரைப் பார்த்து, இந்தமுறை கேட்டுவிட்டே செய்வோம் என்று நினைத்தாராம்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அம்மா இருக்காங்கதானே?"

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்று கேட்டேன்.

"இருக்கிறா. வீட்டிலை இருந்து படிக்கிறா எண்டு சொன்னனான்."